சீட்டு ஜன்னலில் திரும்பிப் போகிறவர்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 12 வருடமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். என் லைனில் வேலை செய்யும் பெண்கள் வெள்ளைப்படுதல், அரிப்பு, புண் என்று என்னிடம்தான் முதலில் சொல்கிறார்கள். டாக்டரிடம் போகச் சொன்னால் போவதில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். போன மாதம் 23 வயதுப் பெண் ஒருத்தியை நானே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சீட்டு போடும் இடத்தில் "என்னம்மா தொந்தரவு?" என்று சத்தமாகக் கேட்டார்கள். பின்னால் ஆண்கள் நின்றார்கள். அவள் "காய்ச்சல்" என்றாள். காய்ச்சல் மாத்திரையோடு திரும்பி வந்தோம். நானும் வாயைத் திறக்கவில்லை, அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. கம்பெனியில் ஏதாவது ஏற்பாடு செய்யலாம் என்றால், "கம்பெனி பேர் கெட்டுப்போகும்" என்கிறார் மேனேஜர். என்னால் என்ன செய்ய முடியும்?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்தப் பெண் சொன்ன "காய்ச்சல்" எனக்கு நன்றாகப் பழகிய சொல். அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில் ஆற்றுப்படுத்துநராக, அதாவது நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சலராக, நான் வேலை பார்த்த வருடங்களில், என் அறைக்கு வந்து சேர்ந்த பெண்களில் பலர் அதற்கு முன்பே அதே மருத்துவமனைக்கு இரண்டு மூன்று முறை வந்து போனவர்கள். ஒவ்வொரு முறையும் சீட்டில் காய்ச்சல், தலைவலி, இடுப்புவலி என்று எழுதியிருக்கும். காலை நேரக் கூட்டத்தில் டாக்டருக்கு ஓர் ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. சீட்டில் இருப்பதைப் பார்த்து அவர் எழுதிக் கொடுப்பார். பெண்ணும் அடுத்த வரிசையில் நின்று மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். மருத்துவமனைக் கணக்கில் அவள் சிகிச்சை பெற்றவள். அவள் கணக்கில், போயும் ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அவளை அழைத்துவருவது முதல் தடவையைவிடக் கடினம்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அந்தச் சீட்டு ஜன்னலைப் பற்றி முதலில் பேச நினைக்கிறேன். மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், காசும் வேண்டாம். அந்த ஜன்னலில் கேட்கப்படும் ஒரு கேள்விதான் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புகிறது.

அங்கே நோயைச் சொல்லத் தேவையில்லை. எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று சொன்னால் போதும். "லேடி டாக்டர் ஓ.பி." என்றோ "மகப்பேறு பிரிவு" என்றோ சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களைப் பார்க்கும் பிரிவுக்கு நம் மாநிலத்தில் சுகவாழ்வு மையம் என்று பெயர். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் நடக்கும் இடம் நம்பிக்கை மையம். நோயின் பெயரைப் பலகையில் எழுதக் கூடாது என்று யோசித்து வைத்த பெயர்கள் இவை. "சுகவாழ்வு மையத்துக்கு ஒரு சீட்டு" என்று கேட்டால், பின்னால் நிற்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் புரியாது. "என்ன தொந்தரவு?" என்று மறுபடி கேட்டால், "டாக்டர்கிட்ட சொல்றேங்க" என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு. இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் லைனில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் பழக்குங்கள். வாய்க்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போகிறவளுக்கு அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளாது.

இன்னொன்று. உங்களிடம் வந்து சொல்பவர்களில் பலருக்கு இருப்பது பால்வினை நோயாகவே இருக்காது. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் தெளிவாக, வாடையில்லாமல் படுவது உடலின் இயல்பு. தயிர்த் திப்பி போலப் பட்டு அரிப்பும் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சர்க்கரை இருப்பவர்களுக்கும், வேறு எதற்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் அது எளிதில் வரும். சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு படுவது, அங்கே இயல்பாக வாழும் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்ததால் வருவது. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வருவது மட்டும்தான் இவற்றில் உறவின் மூலம் பரவும் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணால் பார்த்து நாமே முடிவு கட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஆனால் "வெள்ளைப்படுது" என்று வாய் திறந்தவுடன் ஒரு பெண்ணின் நடத்தை மேல் சந்தேகப் பார்வை விழுகிறதே, அதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. ஒரு சாதாரணப் பூஞ்சைத் தொற்றை இரண்டு வருடம் சுமந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் ஆண்கள் இந்த நோய்களை "பொம்பளை சீக்கு" என்பார்கள். வெளியூர் லாட்ஜில் வாங்கி வந்து வீட்டில் மனைவிக்குக் கொடுத்த நோய்க்கும் அதே பெயர்தான். பழியைப் பெயரிலேயே வைத்துவிட்ட பிறகு எந்தப் பெண் வரிசையில் நின்று அதை உரக்கச் சொல்வாள்?

மெடிக்கலில் வாங்கும் மாத்திரை பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுங்கள். பூஞ்சைத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் போட்டால் அது அதிகமாகும். ஐந்து நாள் மருந்தை இரண்டு நாளில் நிறுத்தினால் கிருமி பழகிக்கொள்ளும். சுகவாழ்வு மையத்தில் இதற்கென்றே ஏழு நிறங்களில் மருந்துப் பொட்டலங்கள் உண்டு: சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அறிகுறியைக் கேட்டு, பரிசோதித்து, அதற்கேற்ற பொட்டலத்தைக் கொடுப்பார்கள். வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. பெரும்பாலும் ஒரே வேளை மாத்திரையில் முடிந்துவிடும், அதுவும் இலவசம். சில தொற்றுகளுக்குக் கணவரும் சேர்ந்து சாப்பிட்டாக வேண்டும். மனைவி மட்டும் சாப்பிட்டுக் குணமாகி, மறுபடி அவரிடமிருந்தே வாங்கிக்கொண்டு, "அரசாங்க மருந்து கேட்கவில்லை" என்று தனியாருக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. கணவரை அழைத்து வரத் தயங்குகிறவர்கள் அதை அங்கேயே ஆற்றுப்படுத்துநரிடம் சொல்லட்டும். அவருக்கான மருந்தைக் கொடுத்தனுப்ப வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எங்கே போவது என்பதில் எல்லோரும் ஒரு தவறு செய்கிறோம். பக்கத்தில் இருந்தால் வசதி என்று நினைக்கிறோம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே வருகிறது, அது நல்ல திட்டம். ஆனால் இந்த விஷயத்தில் வீட்டு வாசல்தான் இடைஞ்சலே. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் மாமியாருக்குத் தெரிந்தவராக இருப்பார். மருந்து கொடுக்கும் தம்பி அதே தெருவாக இருப்பான். அப்படிப்பட்டவர்களை அவிநாசிக்கோ பல்லடத்துக்கோ, கோவைக்கோ போகச் சொல்லுங்கள். இந்த ஊர்க்காரர் இங்கேதான் வர வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பஸ் செலவு ஆகும்தான், மனம் திறந்து பேச முடிகிற இடம் அதற்குத் தகும். போவதற்கு முன் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 1097 இருக்கிறது, எச்.ஐ.வி. உதவி எண், கட்டணம் இல்லை. உங்கள் ஹாஸ்டலில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் இருந்தால் அவர்களுக்கு இது இன்னும் உதவும், இந்தியிலும் பேசுவார்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அவர்கள் மொழி தெரிந்த ஒரு பெண் துணை வேண்டும். லேபர் கான்ட்ராக்டரை மொழிபெயர்க்க அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது நேரம். ஓ.பி. காலையில், ஷிப்டும் காலையில். பீஸ் ரேட்டில் இருப்பவளுக்கு அரை நாள் போனால் அரை நாள் காசு போச்சு. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு மாதாமாதம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், ஆனால் நோய்க்கால உதவித்தொகை முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஒரு நாள் பரிசோதனைக்குப் போகிறவளுக்கு அதில் ஒன்றும் வராது. ஆகவே மேனேஜரிடம் நீங்கள் பேச வேண்டியது இதைத்தான்: மாதத்தில் ஒரு நாள், காலை இரண்டு மணி நேரம், சம்பளப் பிடித்தம் இல்லாமல், காரணம் கேட்காமல். "பெண்கள் உடல் பரிசோதனை" என்று மட்டும் சொல்லுங்கள். பொய் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்த சோகை, 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று எல்லாமே அரசு மருத்துவமனையில் உண்டு. இருபது பேர் ஒன்றாகப் போனால், அதில் யார் எதற்காகப் போனாள் என்று எவருக்கும் தெரியாது. தனியாகப் போகிறவளைத்தான் ஊர் கவனிக்கும்.

கம்பெனிக்குள் முகாம் வைக்கலாமா என்று அவர் கேட்டால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கட்டும். எச்.ஐ.வி. பரிசோதனையை மட்டும் ஆபீஸ் மூலமாக ஏற்பாடு செய்ய விடாதீர்கள். 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி ஒருவரின் சம்மதம் இல்லாமல் அந்தப் பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை மூன்றாம் ஆளிடம் சொல்லக் கூடாது, அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்பவும் கூடாது. 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் இதற்கென ஒரு புகார் அலுவலரை வைத்திருக்க வேண்டும். பெயர் கெடும் என்கிற மேனேஜருக்கு இந்தச் சட்டத்தை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். அவருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பரிசோதனை முடிவு எதுவும் கம்பெனிக்கு வரவே வராது என்று உறுதியாகத் தெரிந்தால் அவருடைய பயமும் பாதி குறையும்.

இந்த பயத்துக்கு நம் மாநிலத்தில் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வில். அன்றைக்கு இதற்கு மருந்தே கிடையாது, பயந்ததில் நியாயம் இருந்தது. 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உறவின் மூலம் அது பரவாது. உங்கள் பெண்களில் பலருக்கு 86-ம் வருடத்துப் பயம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, பின்னால் வந்த செய்தி வந்து சேரவில்லை.

அவசரமாகத் தெரிந்திருக்க வேண்டிய எண் 72. பலாத்காரம் நடந்தாலோ, தொற்று உள்ளவரோடு ஆணுறை கிழிந்துவிட்டாலோ, 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும், அதற்கு ஓ.பி. நேரம் பார்க்க வேண்டாம். அவசரக் கருத்தடை மாத்திரையையும் அங்கேயே கேட்கலாம். நம் ஊர் மெடிக்கல்களில் அதைப் பல இடங்களில் "இல்லை" என்றே சொல்வார்கள்.

ஹாஸ்டலில் 18 வயது நிரம்பாத பெண்கள் இருந்தால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த வயதில் உறவு நடந்தது தெரியவந்தால், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். கருக்கலைப்பு என்றால் அந்தத் தகவலில் பெண்ணின் அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உள்ளே போன பிறகு போலீஸ் வந்து நின்றால் அவள் வாழ்நாளுக்கும் எந்த மருத்துவமனையையும் நம்ப மாட்டாள். முன்கூட்டியே சொல்லி, கூடவே இருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் சொல்லி வையுங்கள்.

சீட்டு ஜன்னலை மாற்ற முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் நோயாளர் நலச் சங்கம் உண்டு. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் உண்டு. மனு ஒரே பக்கம் போதும். சீட்டு போடும் இடத்தில் நோயைக் கேட்காமல் பிரிவை மட்டும் கேட்க வேண்டும். சுகவாழ்வு மையத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் டோக்கன் எண் சொல்லிக் கூப்பிட வேண்டும். வாரம் ஒரு நாளாவது மாலையில் திறந்திருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் பைசா செலவில்லை. அந்த ஊழியரைப் பற்றிப் புகாராக எழுதாதீர்கள். நாளுக்கு நூற்றுக்கணக்கான சீட்டு எழுதுகிறவர், கேட்கச் சொன்னதைக் கேட்கிறார்.

நீங்கள் வாய் திறக்காதது உறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதல் தடவை அந்த ஜன்னல் முன்னால் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். ஒரு நாள் முதலில் நீங்கள் மட்டும் போய்வாருங்கள். உங்களுக்கே ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எந்த அறை, எத்தனை மணிக்குக் கூட்டம் குறைகிறது, ஆற்றுப்படுத்துநர் யார் என்று பார்த்து வாருங்கள், அவரிடம் "அடுத்த வாரம் ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வர்றேங்க" என்று சொல்லி வையுங்கள். பிறகு அவளை அழைத்துப் போங்கள். வரிசையில் அவளை முன்னால் விட்டு, அவளுக்கு நேர் பின்னால், நெருக்கமாக நீங்கள் நில்லுங்கள். ஜன்னலில் அவள் பேசுவது காதில் விழும் தூரத்தில் இருப்பது நீங்கள் மட்டுமாக இருக்கட்டும்.