கடலில் துண்டு போட்டு இடம் பிடிப்பது

கேள்வி: என் மகன் சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. ஒவ்வொரு கப்பலும் தன் இடத்தையும் வேகத்தையும் தானாக ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி இருக்கிறதே, சிங்கப்பூர் ஜலசந்தியில் அதன் திரை முழுக்கக் கப்பல்களாக மொய்க்கும் என்கிறான். கடலில் டவர் கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து இரண்டே சேனல். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பாதா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: வாயால் பேசும் விஎச்எஃப் ரேடியோவில் தினமும் குழம்புகிறது, அம்மா. ஒருநாள் இரவு எதிரே வந்த டேங்கரை 16ஆம் சேனலில் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன், இல்லை. தூங்குகிறான் போல என்று திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போன இழுவைப் படகுக்காரர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்திக் கத்துகிறீர்கள் என்று. பேசும்போது வயர்லெஸ்ஸுக்குக் காது கேட்காது.

1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் கணினிகளை ரேடியோவில் இணைத்தபோதும் இதே தொல்லைதான். நினைத்தபோது அனுப்பு, மோதினால் மறுபடி அனுப்பு என்பது அவர்கள் வழி. அப்படிச் செய்தால் சேனலின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்குமேல் தேறாது.

ஏஐஎஸ் வேறு வழியில் போகிறது. ஒவ்வொரு சேனலிலும் ஒரு நிமிடத்தை 2,250 ஸ்லாட்டாக, அதாவது சின்னச் சின்ன நேரக் கட்டங்களாக, வெட்டியிருக்கிறார்கள். எல்லாக் கப்பலுக்கும் கடிகாரம் ஜிபிஎஸ். அப்புறம் நம்ம ஊர் பஸ் கதைதான். கருவியைப் போட்டதும் ஒரு நிமிடம் வாயைத் திறக்காது. எந்த சீட்டில் யார் துண்டு கிடக்கிறது என்று பார்க்கும். காலியாக உள்ளவற்றில் ஒன்றைக் குலுக்கல் மாதிரி எடுத்துக்கொள்ளும். அனுப்பும் செய்தியில் இடம், வேகம், திசையோடு, இந்த ஸ்லாட்டை இன்னும் எத்தனை நிமிடம் வைத்திருப்பேன், அடுத்து எதற்குப் போவேன் என்பதும் இருக்கும். கேட்கிற கப்பலெல்லாம் அதில் கைவைக்காது. கண்டக்டரே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விதி. போட்ட துண்டு நிரந்தரம் இல்லை. 3 முதல் 7 நிமிடத்துக்குள் எடுத்துவிட்டு வேறு சீட் தேட வேண்டும். ஏன் இந்த அலைக்கழிப்பு? ஒன்றின் குரல் ஒன்றுக்கு எட்டாத தூரத்தில் இரண்டு கப்பல்கள் ஒரே ஸ்லாட்டைப் பிடித்திருக்கலாம். நெருங்கி வரும்போதும் அதே ஸ்லாட்டில் இரண்டும் சேர்ந்து பேசினால், ஒன்றை ஒன்று கேட்கவே கேட்காது. எங்கள் டேங்கர் கதைதான். சீட் மாறுவதால் சீக்கிரமே பிரிந்துவிடுகின்றன.

பஸ் நிரம்பிவிட்டால்? மிகத் தொலைவில் உள்ள கப்பலின் சீட்டிலேயே உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவருக்கு வலுவான சிக்னல்தான் விழும்; நமக்கு முட்டப்போவதும் பக்கத்துக் கப்பல்தானே. நங்கூரமிட்ட கப்பல் 3 நிமிடத்துக்கு ஒருமுறை பேசினால் போதும். மணிக்கு 23 கடல் மைலுக்குமேல் பறக்கிற கப்பல் 2 விநாடிக்கு ஒருமுறை பேசும். அதனால் நெரிசல் ஓரளவு தானாகவே குறையும்.

கேள்வி: எங்கள் விசைப்படகில் உள்ள, சிறு படகுகளுக்கான கிளாஸ் பி ஏஐஎஸ் கருவியும் இப்படித்தானா?
- வாசகர், இராமேஸ்வரம்

பதில்: கிளாஸ் பியில் சிஎஸ், எஸ்ஓ என்று இரண்டு வகை. சிஎஸ் வகை என்றால், இல்லை. அது துண்டு போடாது. கம்பியைப் பிடித்து நிற்கும். ஸ்லாட் தொடங்கும் கணத்தில் காதைக் கொடுத்து, காலி என்றால் உட்காரும். ஓடும் படகு என்றால் 30 விநாடிக்கு ஒருமுறை, அதுவும் 2 வாட்டில். பெரிய கப்பலுக்கு 12.5 வாட். எஸ்ஓ என்று போட்டிருந்தால் 5 வாட், துண்டும் போடும். எதுவானாலும் ஆன்டெனாவை வலைக்குவியலுக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள். வீல்ஹவுஸ் கூரைக்கு மேலே கம்பம் நட்டு ஏற்றுங்கள். இந்த அலை நேர்க்கோட்டில்தான் போகும், உயரம் கூடினால் தூரமும் கூடும்.