ஜேபெக் படத்தைப் பிஎன்ஜி ஆக்கினால் தெளிவு கூடுமா? எந்தப் படத்துக்கு எந்த ஃபார்மேட்?

கேட்டவர் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். மங்கலான ஜேபெக் படத்தைப் பிஎன்ஜி ஆக மாற்றினால் தெளிவாகுமா என்பது ஒன்று. இத்தனை ஃபார்மேட் எதற்கு, எதை எங்கே பயன்படுத்துவது என்பது இன்னொன்று.

முதலாவதற்குப் பதில் சின்னது. தெளிவு கூடாது, ஃபைலின் கனம்தான் கூடும். ஜேபெக்காகச் சேமித்தபோது தூக்கிப் போட்ட விவரம் போனது போனதுதான். பிஎன்ஜி தன்னிடம் கொடுத்ததை ஒரு புள்ளி மாறாமல் அப்படியே வைத்துக்கொள்ளும். கொடுத்த படத்தில் கறை இருந்தால் கறையும் அப்படியே இருக்கும்.

ஏன் இப்படி என்பது புரிந்துவிட்டால் இரண்டாவது கேள்வியில் பாதி முடிந்துவிடும். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பிக்சலுக்கும், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் வேண்டும். 12 மெகாபிக்சல் போட்டோ, அதாவது 4000-க்கு 3000 பிக்சல், அப்படியே எழுதி வைத்தால் 3 கோடியே 60 லட்சம் பைட், ஏறக்குறைய 36 எம்பி. ஆனால் போனில் அந்தப் படம் மூன்று, நான்கு எம்பி ஜேபெக்காகத்தான் கிடக்கிறது. மிச்சம் எங்கே போனது?

ஜேபெக் 1992-இல் தரநிலையானது. அதன் கணக்கு முழுவதும் நம் கண்ணின் பலவீனத்தை நம்பி இருக்கிறது. வெளிச்ச வேறுபாட்டைக் கண் நன்றாகப் பிடிக்கும், நிற வேறுபாட்டை அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் வெளிச்சத்தையும் நிறத்தையும் முதலில் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. பெரும்பாலும் நிறத் தகவலை அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று குறைத்தும் விடுகிறது. அப்புறம் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான ஏற்ற இறக்கங்களைத் தோராயமாக்கிவிடுகிறது. சேமிக்கும்போது நகர்த்துகிறோமே குவாலிட்டி என்று ஒரு அளவுகோல், அது இந்தத் தோராயம் எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கலாம் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. நூற்றுக்கு எண்பது என்றால் படத்தில் எண்பது சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள் அல்ல. ஒரு மென்பொருளின் எண்பதும் இன்னொன்றின் எண்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

முகம், மரம், மேகம் போன்றவற்றில் இந்த வித்தை அருமையாக எடுபடும். எழுத்தில்தான் மாட்டிக்கொள்ளும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து உள்ள ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் குறைந்த குவாலிட்டியில் ஜேபெக்காகச் சேமித்துவிட்டு, நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போலச் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரியும். அந்தக் கொசுக்கூட்டம் ஒரு கட்டத்தின் எல்லையில் சட்டென்று நின்றுவிடுவதையும் கவனியுங்கள், அதுதான் அந்த 8-க்கு 8 கட்டம். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் இன்னும் மோசம். நிறத் தகவலைப் பாதியாக்கியதால் ஓரங்கள் கசிந்துபோயிருக்கும்.

அதே ஸ்கிரீன்ஷாட்டைப் பிஎன்ஜி ஆகச் சேமித்தால் எழுத்து கத்தி போல நிற்கும், பல நேரம் ஃபைலும் ஜேபெக்கைவிடச் சின்னதாக இருக்கும். பிஎன்ஜி எதையும் தூக்கிப் போடுவதில்லை, ஜிப் ஃபைலில் இருக்கும் அதே முறையில் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குகிறது. ஒரே வெள்ளை வரிசை வரிசையாக வந்தால் அதற்குக் கொண்டாட்டம். போட்டோவைக் கொடுத்தால் திண்டாட்டம், ஏனென்றால் அங்கே பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கூட ஒன்றுபோல இருக்காது. ஜேபெக்கைவிடப் பல மடங்கு பெரிதாக வந்து நிற்கும். போட்டோவைப் பிஎன்ஜி ஆக அனுப்பினால் உசத்தி என்று நினைத்து அனுப்புகிறவர்கள் நிறைய பேர். வாங்குகிறவருக்கு டேட்டாதான் செலவு.

போட்டோ என்றால் ஜேபெக். எழுத்து, கோடு, தட்டையான நிறம் என்றால் பிஎன்ஜி. என்னைக் கேட்டால் அன்றாட வேலையில் பெரும்பகுதிக்கு இது ஒன்றே போதும்.

பிஎன்ஜியை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. ஜேபெக்கில் ஊடுருவித் தெரியும் பின்னணி கிடையாது. லோகோவை ஜேபெக்காக வாங்கி நிறப் பின்னணியில் வைத்தால் சுற்றி வெள்ளைப் பெட்டி வரும். பிஎன்ஜியில் ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு ஊடுருவலாம் என்பதை 256 படிகளில் சொல்லலாம், அதனால் நிழலும் வளைந்த ஓரமும் இயல்பாக உட்காரும். பின்னணி இல்லாத படம் என்று இணையத்தில் தேடி இறக்கினால், சதுரங்கப் பலகைபோல வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டம் போட்ட படம் வருமே, அந்தக் கட்டம் சில சமயம் படத்திலேயே வரைந்ததாக இருக்கும். யார் பார்த்த வேலையோ!

ஜிஃப் 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான். அதில் இருந்த சுருக்க முறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமைக் கட்டணம் கேட்கப் போய்த்தான், அதற்கு மாற்றாகப் பிஎன்ஜி 1996-இல் வந்தது. இன்று ஜிஃப் அசையும் படத்துக்கு மட்டும்தான். அதையும் பல தளங்கள் உள்ளுக்குள் வீடியோவாக மாற்றித்தான் ஓட்டுகின்றன.

லோகோவுக்கு உண்மையில் கேட்டு வாங்க வேண்டியது எஸ்விஜி. அதில் பிக்சல் என்பதே இல்லை. இங்கிருந்து இங்கே ஒரு கோடு, இந்த வளைவு, இந்த நிறம் என்று வரைவதற்கான வழிமுறை மட்டும் எழுத்தாக இருக்கும். நோட்பேடில் திறந்தால் படிக்கவே முடியும். விசிட்டிங் கார்டு முதல் பெரிய பேனர் வரை எந்த அளவுக்கு இழுத்தாலும் ஓரம் உடையாது. ஆனால் ஒரு பிஎன்ஜியை அப்படியே எஸ்விஜிக்குள் திணித்துக் கொடுப்பவர்களும் உண்டு, பெரிதாக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இணையத்தில் படத்தைச் சேமித்தால் வெப்பி என்று வருகிறதே என்று எரிச்சல்படுகிறார்கள். கூகுள் 2010-இல் வெளியிட்ட ஃபார்மேட் அது. அதே தரத்துக்கு ஜேபெக்கைவிடச் சின்னதாக இருக்கும், ஊடுருவும் பின்னணியும் உண்டு, இன்றைய பிரவுசர்கள் எல்லாம் திறக்கும். இணையதளம் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஏவிஃப் அதற்கடுத்த தலைமுறை, இன்னும் சின்னதாக்கும், ஆனால் சேமிக்க நேரம் பிடிக்கும்.

ஐபோன் படம் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றால் அது எச்இஐசி ஆக இருக்கும். 2017-இல் ஐஓஎஸ் 11-உடன் வந்த பழக்கம். இடத்தை மிச்சப்படுத்தும் நல்ல ஃபார்மேட்தான், சில கருவிகள் இன்னும் அதைப் படிப்பதில்லை என்பதுதான் குறை. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும்.

டிஃப், அச்சு வேலைக்கும் ஆவணக் காப்பகத்துக்கும். ரா, அதாவது கேமராவின் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல், கேமரா வைத்திருப்பவர்களுக்கு: ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படி என்றால், 14 பிட் ரா ஃபைலில் 16,384 படி. இருட்டாக எடுத்துவிட்ட முகத்தைப் பிறகு வெளிச்சமாக்க அது இடம் கொடுக்கும்.

ஒரு பயத்தையும் போக்கிவிடுகிறேன். ஜேபெக்கைத் திறந்து பார்த்தாலோ காப்பி எடுத்தாலோ தரம் குறையாது. திருத்தி மறுபடி ஜேபெக்காகவே சேமிக்கும் ஒவ்வொரு முறையும்தான் குறையும். திருத்த வேலை நடந்துகொண்டிருக்கும்வரை பிஎன்ஜி அல்லது உங்கள் மென்பொருளின் சொந்த ஃபார்மேட்டில் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு முறை ஜேபெக் ஆக்குங்கள். உங்கள் மங்கல் படத்துக்கும் இப்போது செய்யக்கூடியது, முதலில் எடுத்த அசல் ஃபைலைத் தேடிப் பிடிப்பதுதான். வாட்ஸ்அப்பில் வந்த படம் என்றால் அனுப்பியவரிடம் டாக்குமென்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

விண்ணப்பப் படிவங்களுக்காகக் கேட்பவர்களுக்கு ஒன்று. ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள பிஎன்ஜியை அழித்துவிட்டு, ஜேபெக் ஃபைல்களுக்கு வரும் ஜேபிஜி என்று எழுதினால் படம் மாறாது. ஒவ்வொரு ஃபைலின் முதல் சில பைட்டுகளிலேயே அது இன்னதென்று எழுதியிருக்கும், அதைச் சோதிக்கும் தளம் திருப்பி அனுப்பிவிடும். படத்தைத் திறந்து ‘சேவ் ஆஸ்’ கொடுத்து மாற்றுவதுதான் வழி. 50 கேபிக்குள் கேட்கிறார்கள் என்றால் குவாலிட்டியில் கை வைக்காமல் முதலில் அளவைக் குறையுங்கள். 4000-க்கு 3000 படத்தை 50 கேபிக்குள் அமுக்கினால் முகம் கட்டம் கட்டமாகிவிடும். அகலத்தை நானூறு, ஐந்நூறு பிக்சலுக்குக் கொண்டுவந்துவிட்டுச் சேமித்தால் அதே 50 கேபியில் கண் இமைகூடத் தெரியும்.