நலத்திட்டம் தனியார் கையில்: சட்டமன்றம் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: நலத்திட்ட உதவிக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையைத் தனியாரிடம் கொடுத்த பிறகு, சட்டமன்றத்தால் என்ன செய்ய முடியும்? ஆண்டறிக்கையைப் படிப்பதோடு சரியா?

பதில்: ஆண்டறிக்கை வருவதற்குள் பாதிப்பு நடந்து முடிந்திருக்கும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 2006 டிசம்பரில் இந்த வேலைக்காக ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தோடு 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 130 கோடி டாலர். குடும்பத்தை அறிந்த அலுவலருக்குப் பதிலாகக் கால் சென்டரும் ஆவண மையமும் வந்தன. அனுப்பிய காகிதம் கோப்பில் சேராமல் போனாலும், ‘ஒத்துழைக்கவில்லை’ என்று காரணம் காட்டி உதவி மறுக்கப்பட்டது. மாநிலத்தின் 92 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) 59-க்கு இந்த முறை பரவிய பிறகு, 2009 அக்டோபரில் அரசே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. நிறுவனம் ஒப்பந்தத்தை மீறியது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது 2016-இல்! மருந்துக்கும் உணவுக்கும் உதவி கேட்டவர் அதுவரை காத்திருக்க முடியுமா?

இத்தனைக்கும், உணவு உதவிக்குத் தகுதியை அரசு ஊழியரே முடிவு செய்ய வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. ஆனால் ஆவணங்களைத் திரட்டுவது நிறுவனம். அரைகுறைக் கோப்பு மேசைக்கு வந்தால் அரசு ஊழியர் போடும் கையெழுத்தால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

‘எத்தனை நாளில் முடித்தீர்கள்?’ என்று மட்டும் கேட்கும் சட்டமன்றக் குழு ஏமாந்துபோகும். தள்ளுபடி செய்தாலும் கோப்பு ‘முடிந்தது’ என்றுதான் கணக்கில் ஏறும். மாதந்தோறும் தள்ளுபடிகளைக் காரணவாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும்: வருமானம் அதிகம் என்பதால் எத்தனை, ஆவணம் இல்லை என்பதால் எத்தனை? ஆவணக் குறையால் தள்ளப்பட்டவர்களில் எத்தனை பேர் 90 நாளுக்குள் மறுபடி விண்ணப்பித்து உதவி பெற்றார்கள்? அந்த எண்ணிக்கை பெரிதாக இருந்தால், தகுதியுள்ளவர்களைத்தான் வெளியே தள்ளியிருக்கிறார்கள். மேல்முறையீட்டில் மாறிய முடிவுகளும் முக்கியம்தான். ஆனால் நலிந்தவர்களில் பலர் மேல்முறையீடு வரை போவதே இல்லை. அதனால் தணிக்கையாளர் தள்ளுபடிக் கோப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, முதலிலிருந்து தானே பரிசீலித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ‘வணிக ரகசியம்’ என்று நிறுவனம் ஆவணம் தர மறுத்தால்?

பதில்: கையெழுத்தான பிறகு இதற்காகச் சண்டை போடுவது கடினம். கோப்புகளும் தரவுகளும் அரசின் சொத்து, தணிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற விதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அது துணை ஒப்பந்ததாரரையும் கட்டுப்படுத்த வேண்டும். பெரும்பாலும் ஓட்டை விழுவது அங்கேதான். ஒரு பகுதியின் தணிக்கை முடிவைக் குழு பார்க்கும் வரை அடுத்த பகுதிக்கு விரிவாக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். பழைய அலுவலர்களை உடனே கலைத்துவிட்டால், ரத்து செய்யும் உரிமை காகிதத்தில் இருந்தும் வேலையைத் திரும்ப எடுத்துச் செய்ய ஆள் இருக்காது.