கிருமியின் பெயர் தெரிந்தால்தான் வைத்தியமா?

கேள்வி: மதுரை செல்லூரில் இருக்கிறோம். பையனுக்கு ஒன்றேகால் வயது. நாலு மாதத்தில் இது மூன்றாவது பேதி. நேற்றிலிருந்து ஏழெட்டுத் தடவை தண்ணியாகப் போய்விட்டான். டாக்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் ஜிங்க் சிரப்பும் மட்டும் எழுதினார். ஆன்டிபயாடிக் இல்லை, மலப் பரிசோதனையும் இல்லை. என்ன கிருமி என்று பார்க்க வேண்டாமா? மாமியார் பல் முளைக்கிற பேதி என்கிறார், தொக்கம் (வயிற்றில் சிக்கியதைக் குழல் வைத்து உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்) எடுக்கச் சொல்கிறார். நாங்கள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம்.

பதில்: உங்கள் டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

கொல்கத்தா உட்பட ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் ஏழு இடங்களில் நடந்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று உண்டு. குழந்தைகளின் கடுமையான பேதிக்கு முக்கியக் காரணங்களாக அதில் தெரியவந்தவை நான்கு: ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, ஷிகெல்லா, நச்சு சுரக்கும் ஒருவகை ஈ.கோலை என்ற இரு பாக்டீரியாக்கள். பேதியே இல்லாத பிள்ளைகளின் மலத்திலும் பெரும்பாலும் ஏதோ ஒரு கிருமி இருந்தது. அதனால் டெஸ்டில் ஒரு பெயர் வந்தாலும் அதுதான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. ரோட்டா என்றே தெரிந்தாலும் வைரஸிடம் ஆன்டிபயாடிக் செல்லாது.

நான் முதலில் கேட்பது மலம் எப்படி இருக்கிறது என்பதைத்தான். ரத்தமும் சளியுமாக, முக்கி முக்கிக் கொஞ்சமாகப் போனால் ஷிகெல்லா என்று சந்தேகிப்போம், ஆன்டிபயாடிக் வேண்டும். அரிசி கழுவின தண்ணிபோலக் கொட்டினால் காலராவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. இரண்டு வாரம் தாண்டி நீடித்தால் அப்போது பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. உங்கள் பையனுக்கு வெறும் தண்ணிப் பேதி. போகிற நீரையும் உப்பையும் ஈடுகட்டினால் குடல் தானே தேறிவிடும்.

ஈடுகட்டுவதில்தான் தப்பு நடக்கிறது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் கால்வாசியை ஒரு டம்ளரில் உத்தேசமாகக் கொட்டிக் கலக்குவார்கள். உப்பு கூடினால் ஆபத்து, குறைந்தால் பயனில்லை. 1 லிட்டர் பாக்கெட்டா 200 மில்லி பாக்கெட்டா என்று பார்த்து, முழுவதையும் அதே அளவு ஆறவைத்த தண்ணீரில் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி, இன்னும் மெதுவாக. கடையில் கிடைக்கும் இனிப்பு டெட்ரா பேக் பானங்கள் இதற்கு ஈடாகாது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், இட்லியும் தயிர்சாதமும் தாராளமாகக் கொடுக்கலாம்.

அப்புறம் ஜிங்க். இந்த வயதுக்குத் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். போன இரண்டு தடவையும் பேதி நின்றதும் சிரப்பை மூடி வைத்துவிட்டீர்களோ? நிறைய வீடுகளில் அப்படித்தான். முழுசாகக் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதம் பேதி திரும்ப வரும் வாய்ப்பு குறையும்.

பல்லைப் பழிக்காதீர்கள். தவழ்ந்து கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயதும் பல் முளைக்கும் வயதும் ஒன்றாக அமைந்துவிடுகிறது, அவ்வளவுதான். தொக்கம் வேண்டவே வேண்டாம். எடுப்பவர் கையிலிருந்தும் குழலிலிருந்தும் புதுக் கிருமி போகும்.

கேன் தண்ணீர் என்கிறீர்கள், சரி. அதைக் குடத்தில் ஊற்றி, சொம்பை விட்டு மொள்ளும்போது விரல் நனைகிறதா என்று இன்றைக்குக் கவனியுங்கள். நனைந்தால் கையிலிருக்கும் கிருமி தண்ணீரில் இறங்கும். அதிலும் கிரிப்டோஸ்போரிடியம் தண்ணீரில் போடும் குளோரினுக்கு அசையாது. பையனுக்குக் கொதிக்கவைத்த தண்ணீரைக் குழாய் வைத்த பாத்திரத்தில் தனியாக வையுங்கள். கால் கழுவிவிட்ட பிறகும், ஊட்டும் முன்பும் சோப்பு அவசியம், பாட்டிக்கும்தான். தடுப்பூசி அட்டையில் 6, 10, 14 வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தவறியிருந்தாலும் ஒரு வயது தாண்டிவிட்டதால் அரசுத் திட்டத்தில் இனிப் போடமாட்டார்கள். அடுத்த பிள்ளைக்கு நினைவிருக்கட்டும்.

கண் குழிவது, அழுதும் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாக இறங்குவது, துவண்டு குடிக்க மறுப்பது, ரத்தம்: இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே.