தூண்டில் ரீல்: விலை கூடினால் எது கூடுகிறது?

கேள்வி: கடற்கரையில் நின்று பாரைக்கும் கொடுவாவுக்கும் வீசுகிறேன். 2,500 ரூபாய்க்கு வாங்கிய 4000 அளவு ரீல் எட்டு மாதத்தில் கரகரக்கிறது. மீன் இழுக்கும்போது ‘டக் டக்’ என்று தட்டுகிறது. அதையே திரும்ப வாங்குவதா, 40,000 ரூபாய் ரீலுக்குப் பணம் சேர்ப்பதா?
- வாசகர், கடலூர்

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் என்ன கெட்டது என்று பாருங்கள். தூண்டில் நரம்பில் சுமையே இல்லாமல் சுற்றும்போது கரகரத்தால் பெரும்பாலும் பேரிங்கில் உப்பு ஏறியிருக்கும். சுமை வரும்போது மட்டும் தட்டினால் கியர் பல் தேய்ந்திருக்கும். உங்கள் ரீலில் இரண்டுமே நடந்திருக்கிறது.

மலிவு ரீலின் உடல் பிளாஸ்டிக். பெரிய கியர் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. மூன்று கிலோ பாரை திரும்பி ஓடும்போது உடல் மயிரிழை அளவு வளைகிறது. அந்த வளைவில் பெரிய கியரும் அதோடு இணையும் சிறு கியரான பினியனும் நேர்கோட்டிலிருந்து விலகி, பல்லின் ஓரம் மட்டும் சுமை தாங்கித் தேய்கிறது. உலோக உடல் அவ்வளவு வளையாது. அதோடு ஷிமானோவின் உயர்ரக ரீல்களில் கியரை உருக்கி ஊற்றுவதில்லை. அலுமினியத்தைக் குளிர்ந்த நிலையிலேயே அழுத்தி வடிக்கிறார்கள், பல் நெடுநாள் நிற்கும்.

கரையிலிருந்து வீசுபவருக்கு உலோக உடல், கார்பன் டிராக் வாஷர் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விடும் பிரேக்கின் வளையத் தகடு), தண்ணீர் புகாத அடைப்பு ஆகிய மூன்றும்தான் காசு கொடுக்க வேண்டிய இடங்கள். நடுவிலையிலேயே இவை கிடைக்கின்றன. டைவா பிஜி ரீல் உலோக உடல் கொண்டது. பென் ஸ்பின்ஃபிஷரில் கூடுதலாக ஐபிஎக்ஸ்5 (நீர்ப்பீய்ச்சலைத் தாங்கும் தரக்குறியீடு) அடைப்பும் உண்டு. எடைதான் சற்று அதிகம். மணலும் அலையும் உள்ள உங்கள் இடத்துக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

ஷிமானோ ஸ்டெல்லா, டைவா சால்டிகா போன்ற உயர்விலை ரீல்கள் யாருக்கு? அந்தமானில் பெரும்பாரைக்கு நாள் முழுக்கப் பாப்பர் (நீர்மேல் தெறிக்கும் செயற்கை இரை) வீசி, பத்து கிலோ டிராக்கில் மீனை நிறுத்த வேண்டியவருக்கு. அங்கே ரீல் ஒரு நொடி திணறினால் நரம்பு பாறையில் அறுந்துவிடும். வாரம் ஒருநாள் கரையில் நிற்பவருக்கு அந்த வித்தியாசம் கையில் சுகமாகத் தெரியும், மீன் எண்ணிக்கையில் தெரியாது.

கேள்வி: ஏரியில் விராலும் ஜிலேபியும் பிடிக்கவும் விலை உயர்ந்த ரீல் வேண்டுமா?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: வேண்டாம். நன்னீரில் உப்பு இல்லை. ரீலைத் தின்னும் முதல் எதிரியே அங்கு கிடையாது. தெரிந்த நிறுவனத்தின் தொடக்கநிலை 2500 அளவு ரீல் போதும். மிச்சக் காசில் நல்ல பிரெய்டு (பின்னிய நரம்பு) வாங்குங்கள். விரால் தாமரைக் கொடிக்குள் புகுந்தால் உங்களைக் காப்பது பிரெய்டுதான்.

கேள்வி: ஒரு ரீலில் ‘12+1 பேரிங்’, அதைவிட விலை கூடிய இன்னொன்றில் ‘5+1’. எது நல்லது?
- வாசகர், மதுரை

பதில்: எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். கடலில் ஒவ்வொரு பேரிங்கும் உப்பு புக இன்னொரு வழி. பினியனுக்கு இரண்டு, பெரிய கியருக்கு இரண்டு, நரம்பு உருண்டு செல்லும் லைன் ரோலருக்கு ஒன்று என அடைப்புள்ள துருப்பிடிக்காத ஐந்து இருந்தாலே போதும்.

கடையில் லைன் ரோலரை முதலில் பாருங்கள். பெரும்பாலான ரீல்கள் சாகத் தொடங்கும் இடம் அதுதான். நரம்பை அதன்மேல் இறுக்கி இழுத்தால் அது உருள வேண்டும். உருளாமல் நின்றால் தங்கூசி (ஒற்றை இழை நரம்பு) முறுக்கிக்கொள்ளும், பிரெய்டு ரோலரிலேயே பள்ளம் அறுக்கும்.

கேள்வி: ஐபிஎக்ஸ்5 என்றால் ரீலைத் தண்ணீரில் முக்கிக் கழுவலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: முக்கவே கூடாது. 6.3 மில்லிமீட்டர் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் நன்னீரைப் பீய்ச்சி அடித்தும் உள்ளே கேடு இல்லை என்பதே அந்த எண்ணின் பொருள். ஐபிஎக்ஸ்6-க்கு முனை 12.5 மில்லிமீட்டர், நீர் 100 லிட்டர். இரண்டிலும் மூழ்கடிக்கும் சோதனை கிடையாது. ரப்பர் அடைப்பு பழசானால் புதிதில் தாங்கியதையும் தாங்காது.

வீடு திரும்பியதும் டிராக் குமிழை நன்றாக இறுக்கி, பூவாளி நீர்போல மெல்லிய குழாய்த்தண்ணீரில் அரை நிமிடம் கழுவுங்கள். உதறி, குமிழைத் தளர்த்தி, நிழலில் காயவிடுங்கள். தளர்த்த மறந்தால் வாஷர்கள் நசுங்கியே கிடந்து, அடுத்த மீன் ஓடும்போது டிராக் விக்கிவிக்கி விடும். காய்ந்தபின் லைன் ரோலருக்கும் நரம்பைச் சுற்றித்தரும் பெயில் கம்பியின் கீலுக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள், கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும். டைவாவின் மேக்சீல்ட் வகையில் காந்த எண்ணெய்தான் அடைப்பு. அந்த இடத்தை வீட்டில் திறக்கவோ வேறு எண்ணெய் விடவோ வேண்டாம்.

கேள்வி: என் மலிவு ரீலில் டிராக் சீராக விடுவதில்லை. கார்பன் வாஷர் போட்டால் சரியாகுமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஆகும், செலவும் குறைவு. குமிழைக் கழற்றினால் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலுக்குள் ஒரு கம்பி வளையம் தெரியும். விரலால் மூடிக்கொண்டு நெம்புங்கள், துள்ளிப் பறந்துவிடும். உள்ளே இருப்பதை எடுக்கும் வரிசையிலேயே துணியில் அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காது உள்ள உலோக வாஷர் ஸ்பூலோடு சுற்றும், நடுத்துளை தட்டையாக உள்ளது அச்சோடு நிற்கும். வரிசை மாறினால் டிராக்கே பிடிக்காது. கம்பளி வாஷரின் வெளிவிட்டம், உள்விட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து அதே அளவில் கார்பன் வாங்குங்கள். டிராக் கிரீஸை இருபுறமும் தேய்த்து, மினுமினுப்பு மட்டும் மிஞ்சும்வரை துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

ஆனால் டிராக் வலுத்ததென்று முழுக்க இறுக்காதீர்கள். கியர் பழைய துத்தநாகக் கியர்தான். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு போதும். 9 கிலோ பிரெய்டு என்றால், ராடின் வழியாக நரம்பை இழுத்து, தராசில் 2.25 கிலோ காட்டும்போது ஸ்பூல் சுற்றத் தொடங்க வேண்டும்.