துப்பாக்கி ஒளிந்திருக்கும் பைபிள்

கேள்வி: எழுபதுகளில் அமெரிக்காவில் கறுப்பரை நாயகராக்கி வந்த 'பிளாக்ஸ்பிளாய்டேஷன்' படங்கள் வெறும் அடிதடி மசாலாதானே? அதிலும் கறுப்பரைக் குதிரையில் ஏற்றி கௌபாய் ஆக்கியது வரலாற்றோடு ஒட்டவே இல்லை. நான் படித்த கௌபாய் காமிக்ஸ் எதிலும் கறுப்பரைப் பார்த்ததில்லையே?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வரலாற்றோடு ஒட்டாதது நீங்கள் படித்த காமிக்ஸ்தான். கௌபாய் என்றால் மாடு மேய்ப்பவர்தான். டெக்சஸில் மாட்டு மந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்களில் ஏராளமானோர் அடிமைகள். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்ததும் அதே வேலையைக் கூலிக்குச் செய்தார்கள். கௌபாய்களில் நாலில் ஒருவர் கறுப்பர் என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அடிமையாகப் பிறந்த பாஸ் ரீவ்ஸ், 1875 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் மார்ஷல் எனும் மத்திய அரசுக் காவல் அதிகாரியின் துணை அதிகாரியாகக் குற்றவாளிகளைத் துரத்திப் பிடித்தவர். இவர்களையெல்லாம் திரையிலிருந்து துடைத்து எடுத்தது ஹாலிவுட்.

சரி, மசாலாவுக்கு வருவோம். அந்தப் பெயரே ஒரு வசவு. 'கறுப்பு', 'சுரண்டல்' இரண்டையும் ஒட்டி 1972-இல் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜூனியஸ் கிரிஃபின் என்ற கறுப்பர். உரிமைப் போராட்ட அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஹாலிவுட் கிளைத் தலைவர். போதை வியாபாரியை நாயகனாக்கி எங்கள் ஜனங்களின் காசைக் கறக்கிறார்களே என்ற கோபம் அது. நியாயமான கோபம்தான். ஆனால் 1971-இல் மெல்வின் வான் பீபிள்ஸ் என்ற கறுப்பு இயக்குநர் கடன் வாங்கி எடுத்த படம், முதலில் இரண்டே தியேட்டரில் வெளியாகி, கூட்டத்தை அள்ளியதையும் மறக்கக் கூடாது. அடி வாங்கிச் சாகாத ஒரு கறுப்பு நாயகனுக்காக அந்த ஜனங்கள் அத்தனை காலம் காத்திருந்தார்கள்.

குதிரைப் படங்களில் அந்தத் தாகம் இன்னும் கூர்மை. கறுப்பு நடிகர் ஃபிரெட் வில்லியம்சன் தானே எழுதி நடித்து 1975-இல் வந்த படத்தில், வெள்ளையர் ஊருக்கு அவர் ஷெரீஃப், அதாவது காவல் தலைவர், ஆகிறார். கறுப்பரை இழிவாகக் கூப்பிடும் அந்த ஒற்றைச் சொல்லை ஊருக்குள் யார் சொன்னாலும் அபராதம், இல்லாவிட்டால் ஜெயில். அந்தச் சட்டம் வாசிக்கப்படும்போது தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது 1972-இல் வந்த 'பக் அண்ட் த ப்ரீச்சர்'. கறுப்பு நடிகர் சிட்னி பாய்டியே இயக்கிய முதல் படம். விடுதலையான குடும்பங்கள் லூசியானாவை விட்டு வண்டி கட்டி மேற்கே கிளம்புகின்றன. தோட்ட முதலாளிகளுக்கோ வயலில் கூலியாள் வேண்டும். அதனால் அடியாட்களை ஏவி வழிமறிக்கிறார்கள். இது கற்பனை இல்லை. 1879-இல் மட்டும் ஆயிரக்கணக்கானோர் இப்படிக் கான்சாஸுக்குப் போனார்கள். அந்த வண்டிகளுக்கு வழிகாட்டி, பாய்டியே நடித்த பக். ஹாரி பெலஃபான்டே நடித்த ப்ரீச்சர், அதாவது போதகர், கையில் எப்போதும் பைபிள். உள்பக்கங்களை வெட்டிக் குடைந்து அதில் துப்பாக்கி வைத்திருப்பார்.

அப்புறம் ஒரு காட்சி. துரத்துகிறவர்களிடமிருந்து தப்ப, பூர்வகுடித் தலைவரிடம் பக் துப்பாக்கியும் தோட்டாவும் கேட்கிறார். தலைவர் தம் நிலத்தின் வழியே போக விடுகிறார், ஆயுதம் மட்டும் தர மறுக்கிறார். காரணம், பக் முன்னாள் ராணுவ வீரர். அந்த ராணுவம்தான் பூர்வகுடிகளைத் துரத்தியது. ஒடுக்கப்பட்டவர் உடுத்திய சீருடையை இன்னொரு ஒடுக்கப்பட்டவர் நினைவில் வைத்திருக்கிறார். பக் வாயடைத்து நிற்கிறார்.

அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வெறும் மசாலா என்று தோன்றினால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.