இடுப்பில் செருகிக்கொண்டால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். சீசனில் பணத்தோடு போய்வர வேண்டியிருப்பதால் .32 ரிவால்வருக்கு லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. வாரம் ஒருமுறை பெங்களூரு போவேன். பெரும்பாலும் வேட்டிதான். இதுவரை வேட்டி பெல்ட்டில் செருகிக்கொண்டோ காரின் டேஷ்போர்டில் வைத்தோதான் கொண்டுபோகிறேன். ஒரு நல்ல ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) சொல்லுங்கள். தோளில் மாட்டுவது நல்லதா, இடுப்பில் மாட்டுவதா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஹோல்ஸ்டருக்கு அப்புறம் வருகிறேன். வேட்டி பெல்ட்டில் செருகுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வேட்டி கட்டுகிறவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதை மடித்துக் கட்டுகிறார், அவிழ்த்து விடுகிறார், இடுப்பை இறுக்குகிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் துணியும் விரலும் டிரிகருக்குப் பக்கத்தில் போய்வருகின்றன. பச்சை பெல்ட் பணத்துக்கும் வெற்றிலைக்கும் ஆனது, முக்கால் கிலோ இரும்பைத் தாங்குவதற்கு ஆனதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் பேண்ட் சட்டைதான் போட்டிருந்தார், உறையும் வைத்திருந்தார். அவசரமாகத் திரும்பச் செருகும்போது சட்டை நுனி டிரிகர் வளையத்துக்குள் மாட்டி, குண்டு தொடையைத் துளைத்தது. ஆள் பிழைத்தார், ஆனால் இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறார். உறை இருந்தவருக்கே இந்தக் கதி.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோனால் அதற்கென்று செய்த உறையில், உடம்போடு சேர்த்து மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கேற்ற பைக்குள் இருக்க வேண்டும் என்கின்றன 2016 ஆயுத விதிகள். முழுதும் மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மண்டியில் நாலு பேர் பார்க்கட்டும் என்று பிடி தெரிய வைத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது விதிக்கும் விரோதம், ஆபத்தும் கூட. திருடன் முதலில் கை வைப்பது அந்தப் பிடியில்தான்.

இப்போது ஹோல்ஸ்டர். டிரிகரும் அதைச் சுற்றியுள்ள வளையமும் முழுக்க உள்ளே போக வேண்டும். வெளியிலிருந்து அந்த இடத்தை அழுத்திப் பாருங்கள், உள்ளே அமுங்கக்கூடாது. துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தபடி நிற்க வேண்டும். வாய் சுருங்கிப்போன பழைய தோல் உறை திரும்பச் செருகும்போது உள்ளே மடிந்து, அந்த மடிப்பே டிரிகரை அழுத்திவிடும். பழசாகித் தொளதொளத்த உறையைத் தூக்கிப் போடுங்கள், பாசம் வேண்டாம். எல்லா ரிவால்வருக்கும் பொருந்தும் என்று விற்கிற நைலான் உறை எதற்கும் சரியாகப் பொருந்தாது. உங்கள் மாடலுக்கென்றே செய்ததாகப் பாருங்கள். வாங்கியதும் தோட்டா இல்லாத அறைக்குப் போய், சிலிண்டரைத் திறந்து அதில் தோட்டா போடுகிற ஆறு அறையும் காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, உறையோடு கட்டிலுக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். விழுந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்புறம் அதே காலித் துப்பாக்கியோடு குந்தி உட்காருங்கள், ஏணி ஏறுங்கள், வண்டிக்குள் உட்கார்ந்து எழுந்திருங்கள். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் எந்த உறையும் நன்றாகத்தான் இருக்கும்.

தோலா, கைடெக்ஸ் எனப்படும் கெட்டி பிளாஸ்டிக்கா என்று பலரும் கேட்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு நான் கைடெக்ஸ் பக்கம். வியர்வையை உறிஞ்சாது, வாய் சுருங்காது. தோல்தான் வேண்டும் என்றால் ஆம்பூர், வாணியம்பாடி நமக்குப் பக்கம்தான், நல்ல கைகாரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அளவெடுக்க என்று துப்பாக்கியைத் தைக்கிறவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் கையில் ஒப்படைப்பது குற்றம். அதே அளவில் மரத்தில் ஒரு அச்சு செய்து கொடுங்கள், அது போதும்.

தோளில் மாட்டுவதை நான் சொல்ல மாட்டேன். மேலே கோட்டு வேண்டும், மே மாதம் காவேரிப்பட்டணத்தில் யார் கோட்டுப் போடுவது? எடுக்கும்போது துப்பாக்கிக் குழாய், பக்கத்தில் நிற்பவரை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வரும். நீண்ட நேரம் கார் ஓட்டுகிறவர்களுக்கு இடது பக்க முன்னிடுப்பு சுகமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அங்கே பிடி எதிரில் நிற்பவரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும், மண்டிக் கூட்டத்துக்கு அது ஆகாது. முதுகுக்கு நடுவே வைக்கவே வேண்டாம், மல்லாந்து விழுந்தால் முதுகெலும்பு போய்விடும். வலது இடுப்பில், எலும்புக்குச் சற்றுப் பின்னால், ஒன்றரை அங்குல அகலமுள்ள கெட்டியான பெல்ட்டில் மாட்டி, மேலே சட்டையைத் தொங்கவிடுவதுதான் உங்களுக்குச் சரி. ஆமாம், துப்பாக்கி எடுத்துப்போகிற நாளில் பேண்ட்தான். வேட்டிதான் வேண்டுமென்றால் அன்றைக்குத் துப்பாக்கி வீட்டில் பூட்டுக்குள் இருக்கட்டும். திரும்பச் செருகும்போது சட்டையை இடது கையால் விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருகுங்கள்; அதில் ஒரு அவசரமும் இல்லை.

டேஷ்போர்டு விஷயம். வழியில் சூளகிரியில் டீ குடிக்க இறங்குவீர்கள், வண்டியை உடைக்க ஒரு நிமிஷம் போதும். டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதும் வேண்டாம். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிப் போகாமல், காலையில் மாட்டினால் வீட்டுக்கு வந்துதான் கழற்ற வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு மிகவும் கவலையாக இருப்பதும் அதுதான். உங்கள் லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்று எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால் ஜூஜுவாடி தாண்டி, கர்நாடகத்து அத்திப்பள்ளியில் கால் வைத்த நிமிஷமே உங்களிடம் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிதான். பெங்களூரு வியாபாரம் உண்மையான காரணம், அதைச் சொல்லி கலெக்டர் ஆபீஸில் எல்லையை விரிவாக்க மனுக் கொடுங்கள். அது கைக்கு வரும்வரை அந்தப் பயணத்துக்குத் துப்பாக்கி வேண்டாம், பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள்.

கேள்வி: ஐயா, சிறு தொழிற்சாலை நடத்துகிறேன். என் பெயரில் ‘நிர்பீக்’ ரிவால்வர் இருக்கிறது. புடவையிலோ சுடிதாரிலோ பெல்ட் கிடையாது. ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொள்வது தவறா? வீட்டில் ஐந்து வயதுப் பையன் இருக்கிறான்.
– வாசகி, ஓசூர்

பதில்: தவறில்லை அம்மா, ஆனால் கடினமான வழி. 2014இல் பெண்களுக்கென்று கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த ரிவால்வர் அரைக்கிலோதான், பைக்குள் இருப்பதே மறந்துபோகும். மறப்பதுதான் ஆபத்து. பையை நாற்காலியில் மாட்டிவிட்டு எழுந்து போனால் துப்பாக்கியையே நாற்காலியில் மாட்டிவிட்டுப் போகிறீர்கள். அம்மாவின் பை என்றாலே பையனுக்கு அதில் செல்போனும் சாக்லேட்டும்தான்.

சுடிதார் போடும் நாட்களில் டாப்ஸுக்கு உள்ளே கட்டுகிற அகலமான எலாஸ்டிக் இடுப்புப் பட்டை இருக்கிறது, அதைப் பாருங்கள். வெறும் எலாஸ்டிக்காக இருக்கக்கூடாது, டிரிகர் பக்கம் கெட்டியான கூடு வைத்துத் தைத்திருக்க வேண்டும். பைதான் என்றால் துப்பாக்கிக்கு மட்டும் தனி ஜிப் அறை, அதற்குள் உறை, வேறு ஒரு பேனாகூட அங்கே போகக்கூடாது. குறுக்கே மாட்டுகிற வார் வேண்டும், பஸ் ஸ்டாண்டில் பையைப் பறிப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் குண்டுகளை எடுத்து, துப்பாக்கியை ஒரு பூட்டிலும் குண்டுகளை வேறொரு பூட்டிலும் வையுங்கள். அலமாரியின் மேல் தட்டு பூட்டு ஆகாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஸ்டூல் இழுத்துப்போட்டு ஏறத் தெரியும்.

கேள்வி: தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஹோல்ஸ்டரோடு கொடுக்கலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: உறை உங்களிடமே இருக்கட்டும். தோல் உறைக்குள் வாரக்கணக்கில் கிடந்தால் ஈரத்தாலும் தோல் பதனிட்ட உப்பாலும் துரு ஏறும். பித்தளைத் தோட்டாக்களும் பச்சை பிடித்துவிடும். துடைத்து லேசாக எண்ணெய் பூசிக் கொடுங்கள், துப்பாக்கியின் நம்பரைக் குறித்து ரசீது வாங்குங்கள். உயிருக்கு நிஜமாகவே மிரட்டல் இருந்தால் விலக்குக் கேட்டு மனுக் கொடுக்கலாம், மாவட்ட அளவில் ஒரு குழு அதைப் பார்க்கும். திரும்ப வாங்கியதும் குழாய்க்குள் ஒரு தடவை வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.